பிசாசு ஏரியின் கல்படிகள்

போன வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தோம். விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் நகரம். ஒரு சனி, ஞாயிறு பேரன்களைத் தண்ணீர் விளையாட்டுக்குக் கூட்டிப்போக முடிவானது. விஸ்கான்சின் டெல்ஸ் என்று ஓர் ஊர், அங்கே கூரை போட்ட பெரிய பெரிய தண்ணீர்க் கூடங்கள். குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு வந்து விழுகிற வயசு எங்களுக்குத் தாண்டிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் ஏரிப் பக்கம் நடந்துட்டு வாங்கப்பா. காலைல இறக்கிவிடறோம், சாயங்காலம் வந்து ஏத்திக்கறோம்" என்றாள் மகள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் நானும் என் மனைவியும் மட்டும் தனியாக எங்கேயாவது இரண்டு நாள் சுற்றினோமா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அந்த ஏரியின் பெயர் டெவில்ஸ் லேக். தமிழில் சொன்னால் பிசாசு ஏரி. பாராபூ என்ற சிற்றூருக்குத் தெற்கே சில மைல். மாநில அரசின் பூங்கா. நம் ஊர்ப் பூங்காவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது மலையும் காடும் ஏரியும் சேர்ந்த பெரிய நிலப்பரப்பு. ஏரி மட்டும் சுமார் 360 ஏக்கர். மூன்று பக்கம் ஊதா கலந்த செங்கல் நிறத்தில் பாறைச் சுவர்கள், ஏரி மட்டத்திலிருந்து சுமார் 500 அடி உயரம். சரிவு முழுக்க வீட்டளவு, மாட்டுவண்டியளவு கற்கள் சரிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன.

முதல் நாள் மேற்குக் கரையோரம் நடந்தோம். கற்குவியலின் நடுவே ஏறக்குறைய சமதளமாகப் போகிற பாதை. என் மனைவிக்கு வலது முழங்காலில் தேய்மானம். டாக்டர் "படி ஏறாதீங்கம்மா" என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அதனால் அந்தப் பாதைதான் எங்களுக்குச் சரி என்று நான் முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன்.

அந்தக் கல் குவார்ட்சைட். 160, 170 கோடி வருஷத்துக்கு முந்தைய மணல், அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகிப்போனது. சில பாறைகளில் அன்றைய தண்ணீர் மணலில் போட்ட அலைவரி அப்படியே இருக்கிறது; விரலால் தடவிப் பார்க்கலாம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு ரயிலில் போனவர்களுக்கு நகரி மூக்கு மலை தெரிந்திருக்கும். அதுவும் இதே குவார்ட்சைட் இனம்தான், கடப்பாப் படுகையைச் சேர்ந்தது. முப்பத்தாறு வருஷம் சாலை போடும் உத்தியோகத்தில் இருந்தவன் நான். கல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு சின்னக் கல்லை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினேன், வெண்கலம் மாதிரி சத்தம் வந்தது. நம் கருங்கல்லைவிட இதை உடைப்பது சிரமம்.

இந்த இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது. ஏறத்தாழ 18,000 வருஷத்துக்கு முன் வடகிழக்கிலிருந்து பனிப்பாளம் நகர்ந்து வந்து, பள்ளத்தாக்கின் இரண்டு வாயிலும் மண்ணையும் கல்லையும் கொட்டிவிட்டுப் பின்வாங்கியது. இரண்டு பக்கமும் அடைத்த பாத்திரம் மாதிரி ஏரி நின்றுவிட்டது. வெளியே போக வாய்க்காலே கிடையாது. கரை போட்டவன் யாருமில்லாத ஏரி. கண்மாய்க் கரையில் வளர்ந்த எனக்கு அது விசித்திரமாகத்தான் இருந்தது.

ஆனால் "இயற்கை அப்படியே விட்டு வைத்த இடம்" என்று அங்கே வருகிறவர்கள் சொல்லிக்கொள்வது பாதிதான் உண்மை. அன்று தெற்குக் கரையில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட உட்கார்ந்தபோதே அது தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு புல்மேடு. பலகையில் பார்த்தால் அது பறவை. சிறகை விரித்த மாபெரும் பறவையின் உருவத்தில் மண்ணைக் குவித்திருக்கிறார்கள். நேரே நின்று பார்த்தால் வெறும் மேடு. சுற்றி நடந்தால்தான் சிறகும் பிளந்த வாலும் புரியும். வடகரையிலும் கரடி உருவத்தில் ஒன்று உண்டு. சுமார் கி.பி. 700க்கும் 1100க்கும் இடையில் இந்த வட்டாரத்தில் இப்படி ஆயிரக்கணக்கான மேடுகள் எழுப்பினார்கள். கூடையில் மண் சுமந்து செய்த வேலை. அங்கே பல்லவர் முடிந்து சோழர் தஞ்சையில் கல் அடுக்கிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோசங்க் என்ற பழங்குடியினர் அந்த மேடுகளைத் தங்கள் முன்னோருடையது என்கிறார்கள். இந்த ஏரிக்கு அவர்கள் வைத்த பெயருக்குப் புனித ஏரி, ஆவி உறையும் ஏரி என்று பொருள். இடிப்பறவைகளுக்கும் தண்ணீருக்குள் வாழும் ஆவிகளுக்கும் நடந்த சண்டையில்தான் பாறைகள் சிதறின என்பது அவர்கள் கதை. வெள்ளைக்காரர்கள் வந்து "ஆவி" என்பதைப் "பிசாசு" ஆக்கிவிட்டார்கள். நமக்கு இது புதிதில்லை. திருநெல்வேலிச் சீமையில் சாமியாடுவதைப் பார்த்துவிட்டுக் கால்டுவெல் 1849இல் எழுதிய புத்தகத்தில் அதைப் பேய் வழிபாடு என்றுதானே எழுதினார்? என் மனைவியின் குலதெய்வம் சுடலைமாடன். பெயர்க் கதையைச் சொன்னதும் அவள் ஏரியைப் பார்த்துக் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டாள். பக்கத்து மேசைக் குடும்பம் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தது.

ஹோசங்க் மக்கள் அங்கிருந்து எப்படிப் போனார்கள் என்பது இன்னும் கசப்பான கதை. 1837இல் அவர்களுடைய தூதர்கள் சிலரை வாஷிங்டனுக்குக் கூட்டிப்போய் ஒப்பந்தத்தில் குறி போட வைத்தார்கள். நிலத்தைக் காலி செய்ய எட்டு வருஷம் அவகாசம் என்று வாயால் சொன்னது. காகிதத்தில் இருந்தது எட்டு மாதம். பிறகு ராணுவம் வந்தது. அயோவா, மின்னசோட்டா, தென் டகோட்டா, நெப்ராஸ்கா என்று இடம் மாற்றி மாற்றித் துரத்தினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியினர் நடந்தே திரும்பி வந்தார்கள். 1873-74 குளிர்காலத்தில்கூட ஒரு முறை ரயிலேற்றி அனுப்பினார்கள்; அப்போதும் பாதிப்பேர் போலத் திரும்பிவிட்டார்கள். அந்த 1837 ஒப்பந்தத்தில் குறி போட்டவர்களில் ஒருவர் மஞ்சள் இடி என்ற பெயருடைய தலைவர். அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. துரத்தப்பட்ட பிறகு திரும்பி வந்து, 1849இல் அரசாங்க நில அலுவலகத்தில் 40 ஏக்கரைத் தன் பேருக்குப் பதிவு செய்துகொண்டார், இதே பாராபூ வட்டாரத்தில். பட்டா கையில் இருப்பவனைத் துரத்த முடியாதில்லையா. 1874இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

அவர்கள் போன இடத்தில் ரயில் வந்தது. 1873இல் கிழக்குக் கரையை ஒட்டியே தண்டவாளம் போட்டார்கள். சிகாகோப் பணக்காரர்கள் வந்து இறங்க ஏரிக்கரையில் மாடி மாடியாக ஓட்டல்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில வருஷத்தில் அந்த மோகம் அடங்கி ஓட்டல்கள் மூடின. மறுபக்கம் கல் குவாரி வெடி. மலையையே உடைத்து விற்றுவிடுவார்கள் என்ற பயம் வந்தது. ஜான் நோலன் என்ற நகரமைப்பு நிபுணர் 1909இல் மாநில அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் பூங்காவாக்க வேண்டிய நான்கு இடங்களில் ஒன்றாக இதைச் சொன்னார். 1911இல் பூங்கா ஆனது. இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஏனென்றால் நான் எழுத உட்கார்ந்தது மறுநாள் ஏறிய படிகளைப் பற்றி.

சனிக்கிழமை ராத்திரி அறையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "ஏங்க, நாளைக்கு மேல ஏறலாமா?" என்றாள். கிழக்குப் பாறையின் உச்சிக்கருகே ஒற்றைக் காலில் நிற்பது போல ஒரு கல் நிற்கிறது, பாலன்ஸ்டு ராக் என்று பெயர். அங்கே போகிற பாதை அரை மைல்கூட இல்லை. ஆனால் செங்குத்து. கல்படி கல்படியாக ஏற வேண்டும். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "டாக்டர் நம்ம வீட்டு மாடிப்படியச் சொன்னாரு. இதச் சொல்லல" என்றாள். மகளும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள்.

ஞாயிறு காலை எட்டரைக்குத் தண்டவாளத்தைத் தாண்டிப் படியில் கால் வைத்தோம். முதல் இருபது படி ஏறியதுமே நான் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கி அல்ல. படியைப் பார்த்து.

சாந்து இல்லை, சிமெண்டு இல்லை. மலையிலிருந்து சரிந்த கல்லையே எடுத்து, முகம் பார்த்து, மேல்பக்கம் சமமாக வரும்படி புரட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் பின்னால் இருக்கிற படியின் அடியில் கொஞ்சம் நுழைந்திருக்கிறது. அதனால் மேலே மிதிக்க மிதிக்கக் கீழ்ப்படி இன்னும் இறுகும். இடுக்கில் சில்லுக்கல் அடித்து இறுக்கியிருக்கிறது. தண்ணீர் படியில் தேங்காமல் ஓரமாக வழிய லேசான சாய்வு. வளைவில் வெளிப்பக்கம் தடுப்புக்கு நிறுத்திய கற்களில் ஒன்றுகூட ஆடவில்லை. நான் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். படி உயரம் மட்டும் ஒன்று ஒரு சாண், அடுத்தது ஒன்றரைச் சாண் என்று இருந்தது. அது கல்லின் குணம், கொத்தனின் குற்றமில்லை. எண்பது, தொண்ணூறு பனிக்காலம் தாண்டியும் கல் அசையவில்லை. பனி உறைந்து உருகும் நாட்டில் அது பெரிய விஷயம். நான் மேற்பார்த்த எத்தனை கல்வெர்ட்டுகள் பத்து மழை தாங்கின என்று எனக்குத்தான் தெரியும்.

"என்ன, அளவெடுத்துப் பில் போடப் போறீங்களா?" என்றாள் மனைவி. அவளுக்கு நான் நிற்கும் இடமெல்லாம் ஓய்வு.

அந்தப் பூங்காவின் இப்படிப்பட்ட பாதைகளைப் போட்டவர்கள் பயல்கள். 1929இல் அமெரிக்காவில் பங்குச்சந்தை விழுந்து, வங்கிகள் மூடி, நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத நிலை வந்தது. 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். பதவியேற்ற ஒரு மாதத்துக்குள் அவர் தொடங்கிய திட்டம் சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சி.சி.சி. கல்யாணமாகாத, வேலையில்லாத, 18 முதல் 25 வயது வரையான ஏழைக் குடும்பத்துப் பையன்களைச் சேர்த்தார்கள். முகாம் நடத்துவது ராணுவ அதிகாரிகள். வேலையைக் காட்டிக் கொடுப்பது பூங்கா, வனத் துறைக்காரர்கள். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் பெரும்பாலும் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் 5 டாலர். 1942இல் திட்டம் முடிவதற்குள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் வந்துபோனார்கள். நட்ட மரங்கள் மட்டும் சுமார் 300 கோடி என்பார்கள்.

இந்த ஏரிக்கரையிலும் ஒரு முகாம், 1930களின் நடுவிலிருந்து 1941 வரை. சுமார் 200 பேர். கடப்பாரை, சம்மட்டி, கயிறு, தோள், இவ்வளவுதான். பாதைகளோடு கட்டடங்களும் எழுப்பினார்கள். ஏரியின் தென்கிழக்குப் பாறைமுகத்தில் ஒரு பாதைக்கு சி.சி.சி. என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு வளைவில் உட்கார வாகாக ஒரு பாறை இருந்தது. கீழே ஏரி நீலமாகக் கிடந்தது. பெரிய கழுகு இனப் பறவைகள் எங்களுக்குக் கீழே வட்டமடித்தன. பறவையின் முதுகைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். தண்ணீர் குடித்துவிட்டு இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். "இருபத்தஞ்சு வீட்டுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவளுடைய மூத்த அண்ணன் பதினெட்டு வயதில் பம்பாயில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனவர். தனக்குச் சாப்பாட்டுக் காசு வைத்துக்கொண்டு மீதியை மணியார்டர் அனுப்பினவர். அந்தப் பணத்தில்தான் இவளும் இரண்டு தங்கைகளும் படித்தார்கள். "அந்தப் பயலுங்க அம்மாவெல்லாம் போஸ்ட்மேனுக்குக் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றாள்.

பஞ்ச காலத்தில் கூலி வேலை கொடுத்துப் பொதுவேலை செய்வது நமக்கும் தெரிந்ததுதான். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877-78இல் தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டியது. அந்தப் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி மதராஸ் மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலைக்காரனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று குறைத்தார். முழு நாள் மண் வெட்டுகிறவனுக்கு. இது பட்டினிக் கூலி என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்டு எழுதினார். சில மாதம் கழித்துத்தான் கூட்டினார்கள். இங்கே முகாமில் மூன்று வேளை வயிறாரச் சாப்பாடு. சேர்ந்த பையன்கள் சில மாதத்தில் எடை கூடினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பஞ்ச வேலை என்றுதான் பெயர். ஆனால் இங்கேயும் எல்லோரும் சமமில்லை. கறுப்பினப் பையன்களுக்குப் பெரும்பாலும் தனி முகாம். பழங்குடியினருக்குத் தனிப் பிரிவு.

என் உத்தியோகத்தின் தொடக்கம் அப்படி ஒரு வறட்சி வருஷத்தில்தான். எண்பதுகளின் தொடக்கம், பழைய இராமநாதபுரம் மாவட்டம். நான் புது ஓவர்சியர். மழை பொய்த்து, கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. நிவாரணமாக ஒரு மண் சாலை போடச் சொன்னார்கள். ஐந்தாறு கிராமத்து ஆணும் பெண்ணும் வந்தார்கள். காலையில் மஸ்டர் ரோலில் பெயர் எழுதுவேன், வார முடிவில் கூலி கொடுத்துக் கட்டை விரல் ரேகை வாங்குவேன். அந்த மை என் விரலிலும் ஒட்டிப் போகாது. சில வருஷம் கழித்து, காலக்கெடு முடிந்த பழைய கட்டுகளை அழிக்கலாம் என்று பட்டியல் வந்தபோது, அந்த மஸ்டர் கட்டும் அதில் இருந்தது. சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். சாலை இருக்கிறது. இப்போது தார் போட்டு பஸ் போகிறது. போட்டவர்கள் யார் என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இல்லை.

நாங்கள் மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. எங்களைத் தாண்டிப் போன ஒரு பையன் அரை மணியில் ஏறித் திரும்பியும் வந்துவிட்டான். "யூ ஆர் ஆல்மோஸ்ட் தேர்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் நாற்பது நிமிஷம். ஒற்றைக் கல் நிஜமாகவே நிற்கிறது, அடி சிறுத்து, தலை பெருத்து. மனைவி அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். இறங்குவதுதான் பாடு. நான் ஒரு படி கீழே நின்று தோளைக் கொடுக்க, அவள் பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு காலாக இறக்கினாள். கல் எதுவும் ஆடாததால் தப்பித்தோம். ஆடியிருந்தால் இரண்டு பேருமே ஏரிக்குத்தான்.

இரண்டு மணிக்கு மருமகன் வந்தார். ஊர் திரும்பும் முன் பாராபூவில் சுற்ற நேரமிருந்தது. ரிங்லிங் சகோதரர்கள் 1884இல் சர்க்கஸ் ஆரம்பித்த ஊர் அது. பேரன்களுக்கு அந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க ஆசை. உலகத்து நாரை இனங்கள் பதினைந்தையும், நம் ஊர் சாரஸ் உட்பட, வளர்க்கும் ஒரு நிறுவனமும் அங்கே இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு நான் கேட்டது மேன் மவுண்ட். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பாராபூவுக்கு வடகிழக்கே சில மைலில், சோள வயல்களுக்கு நடுவே, ஒரு கிராமச் சாலையோரத்தில் இருக்கிறது அது. பறவை, கரடி உருவ மேடுகளைச் செய்த மக்கள் செய்த மனித உருவம். தலையில் இரண்டு கொம்பு. வட அமெரிக்காவில் மனித வடிவில் மிஞ்சியிருக்கும் மண்மேடு இது ஒன்றுதான். 1859இல் கான்ஃபீல்டு என்ற சர்வேயர் அளந்தபோது 214 அடி நீளம் இருந்தது. நல்ல வேளை அளந்து வரைந்து வைத்தார். ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வழியாகச் சாலை போட்டபோது முழங்காலுக்குக் கீழே அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சத்தையாவது காப்பாற்ற உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தாரும் மாநிலத் தொல்லியல் சங்கத்தாரும் பணம் திரட்டி நிலத்தை வாங்கி, 1908இல் பூங்காவாக்கினார்கள்.

மற்றவர்கள் மேட்டைச் சுற்றிப் பார்க்க, நான் சாலையில் நின்றேன். சாதாரணச் சாலை. சர்வே சரியாகத்தான் இருக்கிறது, நேர்கோடு. அந்தப் பெயர் தெரியாத ஓவர்சியரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பத்து அடி தள்ளிப் போயிருந்தால் கூடுதல் நிலம் எடுக்க வேண்டும், மனு போட வேண்டும், மேலதிகாரி ஏன் என்று கேட்பார். மேடுதானே என்று நினைத்திருப்பார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அப்படித்தான் நினைத்தேன். அந்த வறட்சி வருஷத்துச் சாலையில் ஒரு செம்மண் மேட்டை வெட்ட வேண்டியிருந்தது. இரண்டடி இறங்கியதும் மண்வெட்டி "டங்" என்றது. பானை வாய். பக்கத்தில் இன்னொன்று. இடுப்பளவு உயரம் இருக்கும். ஒரு கிழவி, "ஐயா, இது தாழி. பெரியவங்கள வெச்சிருக்கறது. வெட்டாதீங்க" என்றாள். உள்ளே மண்ணோடு கறுப்பும் சிவப்புமாகச் சின்னக் கிண்ணங்கள், கொஞ்சம் எலும்புத்துண்டு. தொல்லியல் துறைக்கு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதினால் வேலை நிற்கும். நின்றால் அத்தனை பேருக்கும் அந்த வாரக் கூலி இல்லை. இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். இன்னொரு காரணமும் உண்டு: மாத முடிவுக்குள் அளவு காட்டாவிட்டால் என் மேல் குறிப்பு வரும். இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை. உடைத்து மண்ணோடு கலந்து கரைக்குப் போடச் சொன்னேன். ஒன்பது தாழி. எண்ணினேன், எங்கேயும் எழுதவில்லை. அந்தக் கிழவி மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. மஸ்டரில் அவள் பெயருக்கு நேரே அந்த வாரம் முழுக்கச் சுழி போட்டேன்.

கான்ஃபீல்டாவது அளந்து வைத்தார்.

மனைவி நொண்டிக்கொண்டே சாலைக்கு வந்தாள். "கால் எங்கங்க?" என்று கேட்டாள். நாம் நிற்கிற இடத்தில்தான் என்றேன். அவள் சட்டென்று ஓரமாக நகர்ந்து நின்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் சொல்லாத அந்த ஒன்பது தாழியைச் சொன்னேன். நடுவில் ஒரு டிராக்டர் வந்தது, வழிவிட்டோம்.

அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது எந்த எடத்துலன்னு இப்பவும் சொல்ல முடியுமா உங்களால?" என்றாள்.

முடியும். ஊர் எல்லைக் கல்லிலிருந்து போனால் இரண்டாவது கல்வெர்ட்டுக்கும் மூன்றாவது கல்வெர்ட்டுக்கும் நடுவில், சாலையின் மேற்குப் பாதியில். மூன்றாவதிலிருந்து ஏறக்குறைய நாற்பது மீட்டர். காரில் திரும்பும்போது மகளிடம் ஒரு தாள் வாங்கி, சாலையையும் மேட்டையும் ஒன்பது வட்டத்தையும் நினைவிலிருந்து வரைந்தேன். ஊர் வந்ததும் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதமும் அந்தப் படத்தின் நகலும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அட்டை திரும்பி வந்துவிட்டது, கையெழுத்தோடு.